மெஷின் அக்காவின் சான்றிதழ்

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம். அங்கே சொல்லிக்கொடுக்கிறவளுக்கு மெஷின் அக்கா என்று பெயர். படிக்க வந்த பெண்கள் வைத்த பெயர் அது. விசைப்பலகையைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஒரு பக்கக் கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்து முடித்துவிடுவாள். அடிப்பது மட்டுமா? ஓரம் விடுவது, அட்டவணை போடுவது, பக்க எண் கொடுப்பது, ஒரே கடிதத்தை ஊரில் இருக்கிற அத்தனை முகவரிக்கும் தனித்தனியாகப் பிரித்து அச்சுக்கு அனுப்புவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் அவள் பெரியவள். தங்கை சின்னவள். அம்மா அவர்கள் இரண்டு பேரையும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

இத்தனை தெரிந்தவளிடம் சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போக வேண்டுமானால் அரசாங்கம் நடத்துகிற வேர்ட் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். லோயர், ஹையர் என்று அதில் இரண்டு படி. அவளிடம் படித்த பெண்கள் அதையெல்லாம் தேறி, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து "இவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்த அக்கா" என்று காட்டிவிட்டுப் போவார்கள். அவள் அதே நாற்காலியில் இருப்பாள். ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்த கதைதான்.

"நீயே ஒரு சர்டிபிகேட்மா. உனக்கு எதுக்கு இன்னொன்னு?" என்பார் நிலையத்தின் முதலாளி. கேட்கிறவர்களுக்குப் பாராட்டு மாதிரி இருக்கும். கையில் சான்றிதழ் வந்தால் இவள் கிளம்பிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். கூண்டைத் திறந்து வைத்துவிட்டுக் கிளியைப் புகழ்கிற ஆள் இல்லை அவர்.

அப்பா செத்தபோது பெரியவள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அதற்கு மேல் படிக்க வைக்க ஆளில்லை. நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கவும் ரசீது கிழிக்கவும் சேர்ந்தாள். யாரும் வராத மத்தியானங்களில் காலியாகக் கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகியதுதான் அவள் படிப்பு. அந்தச் சம்பளத்தில் சின்னவளைக் கல்லூரிக்கு அனுப்பினாள். தன்னால் முடியாததைத் தங்கை செய்யட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

சின்னவள் பட்டம் வாங்கிவிட்டாள். பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த வேலைக்குப் போனாலும் லோயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். அக்காவே சொல்லிக்கொடுத்தாள். அங்கேதான் சிக்கல். சின்னவள் முட்டாள் இல்லை, பயந்தாங்கொள்ளி. கடிகாரத்தைக் கண்டால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தேதியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோக டேப் வைக்க வேண்டும் என்று வீட்டில் நூறு முறை சொல்லியிருப்பாள் அக்கா. பரீட்சையில் உட்கார்ந்ததும் சின்னவளின் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டோ தட்டென்று தட்டும். அடுத்த பக்கத்துக்குப் போவதற்கு ஒரே ஒரு விசைச் சேர்க்கை இருக்கும்போது, பக்கம் தாண்டும் வரை என்டரை அமுக்கிக்கொண்டே இருப்பாள்.

அச்செடுத்துப் பார்த்தால் பக்கம் லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் திருத்துகிறவர்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பொத்தானை அமுக்கி, எங்கெங்கே என்ன விசை தட்டப்பட்டது என்பதைத் திரையில் வரவழைத்துப் பார்ப்பார்கள். சின்னவள் அடித்த பக்கத்தில் அந்தப் பொத்தானை அமுக்கினால் அம்மை போட்ட முதுகு மாதிரி புள்ளியும் கொக்கியுமாக இருக்கும். மேலே ஒரு வரி சேர்த்தால் போதும், கீழே இருப்பதெல்லாம் சரிந்து பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிடும். எழுதிய ஒவ்வொரு தடவையும் தோற்றாள்.

அந்த நேரத்தில் தண்ணீர் இலாகாவில் ஆள் எடுத்தார்கள். பட்டமும் லோயரும் வேண்டும். பட்டம் பெரியவளிடம் இல்லை, லோயர் சின்னவளிடம் இல்லை. அம்மா அரிசி களைந்துகொண்டே அதைச் சொன்னாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவளுக்குக் கை நடுங்குது. உனக்கு நடுங்காது இல்ல?"

"என்னம்மா சொல்ற?"

"நான் என்னத்தச் சொன்னேன்? ரெண்டு பேரும் ஒரே அச்சு. அவ கண்ணாடிய நீ மாட்டிக்கிட்டா எனக்கே வித்தியாசம் தெரியாது. அதத்தான் சொன்னேன்."

சின்னவள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். "வேணாம்க்கா, மாட்டிக்குவோம்" என்றாள். வேண்டாம் என்று சொன்ன வாயோடு கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தாள். பெரியவள் தங்கையின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தங்கையின் பவரில் தலை சுற்ற, தங்கையின் ஹால் டிக்கெட்டோடு போனாள். அதில் ஒட்டியிருந்த படம் மை கலங்கி யாருடையதாகவும் இருக்கலாம் என்று இருந்தது. வாசலில் புதிதாக ஒரு கேமரா வைத்திருந்தார்கள். எதிரே நிறுத்தி ஒவ்வொருவரையும் படம் எடுத்தார்கள். வருகைப் பதிவுக்காக எடுக்கிறார்கள் என்று எல்லாரையும் போல அவளும் நினைத்துக்கொண்டாள். முகத்தை நேராக வைத்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

சின்னவள் தேறினாள். அவள் பெயரில் சான்றிதழ் வந்தது. வேலை கிடைத்தது. வேலை இருக்கிறது என்பதால் நல்ல வரனும் வந்தது. மாப்பிள்ளை அதே இலாகாவில் மேஸ்திரிகளுக்கு மேற்பார்வை பார்க்கிறவர், தங்கமான மனுஷன். நேர்மை நேர்மை என்று உயிரை விடுகிறவர். அதனால் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அலுவலகத்தில் சின்னவளுக்குக் கிடைத்தது பழைய மாதிரிக் கடிதங்களைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றி அச்செடுக்கிற வேலை. அதற்கு நடுங்காத கை தேவையில்லை. பிழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் "அந்த ஆபீஸ் நாற்காலில உக்காந்து உக்காந்து முதுகே போச்சுக்கா" என்பாள். அந்த நாற்காலிக்காக ஏங்குகிறவளிடம் அதைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றாது. பெரியவள் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிடுவாள்.

வருஷங்கள் ஓடின. அம்மாவுக்குக் கால் வீங்கியது. பெரியவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்து, நின்று, பிறகு வருவதும் நின்றது. நிலையத்தில் கம்ப்யூட்டர்கள் மாறின, முதலாளியின் தலை வழுக்கையானது, இவள் சம்பளம் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தான் எதற்குப் பிறந்தோம் என்று யோசிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. யோசித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்து வைத்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் நகராட்சி ஆஸ்பத்திரியின் பதிவறைக்குத் தட்டச்சர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பள்ளி இறுதி போதும், பட்டம் வேண்டாம். லோயர் கட்டாயம். வயது வரம்பு இருந்தது. அவளுக்கு இந்த வருஷம் உண்டு, அடுத்த வருஷம் கிடையாது. செய்தித்தாளில் அதைப் படித்ததும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒன்று வந்திருக்கிறது. பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அந்தப் பரீட்சையை அவள் தூக்கத்தில் எழுதுவாள்.

முதலாளியிடம் கேட்கவில்லை, சொன்னாள். "சார், நான் லோயர் எழுதப் போறேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

"என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்ல சார். ரொம்ப வருஷமா."

அவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். கடைசியில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். படிக்கிற பெண்கள் கைதட்டினார்கள். "மெஷின் அக்காவுக்கே பரீட்சையா? மீனுக்கு நீச்சல் டெஸ்டா?" என்று ஒருத்தி கேட்டாள். பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்தப் பெண்கள் பார்த்ததில்லை.

தெரிந்த பாடம்தான் என்று விட்டுவிடவில்லை. மாணவிகளுக்குக் கொடுத்த பழைய கேள்வித்தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தாள். தங்கைக்காகப் போனபோது இருந்தது பயம். இப்போது இருந்தது ஆசை. தன் பெயரைத் தலைப்பில் அடித்துப் பார்த்தாள். நடுவில் வைத்தாள், எழுத்தைத் தடிமனாக்கினாள், பிறகு வெட்கப்பட்டு அழித்தாள்.

பரீட்சை அன்று சொந்தப் புடவை கட்டிக்கொண்டு போனாள். ஹாலில் வரிசை. முன்பு வாசலில் இருந்த கேமரா இப்போது ஒவ்வொரு மேஜையிலும் திரைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்ததும் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் விழும். கட்டம் பச்சையானால் கேள்வித்தாள் திறக்கும். பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணுக்குப் பச்சை விழுந்தது. இவளுக்குக் கட்டம் கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு சிவப்பானது. கீழே எழுத்து வந்தது: இந்த முகம் ஏற்கெனவே வேறொரு பெயரில் தேர்ச்சி பெற்றுள்ளது. அதற்குக் கீழே சின்னவளின் பெயர் இருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. தங்கையின் பெயரைப் பார்த்ததும், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, அதைத்தான் சொல்ல வந்திருக்கிறது என்றுகூட நினைத்தாள். பிறகுதான் புரிந்தது. வருகைப் பதிவு என்று நினைத்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை இந்தப் பாழாய்ப்போன மெஷின் இத்தனை வருஷமும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது. மனிதர்களாக இருந்தால் மறந்து தொலைத்திருப்பார்கள்.

ஹால் சூப்பர்வைசர் வந்தார். நடுவயதுப் பெண். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து நின்ற கால் வலி முகத்தில் தெரிந்தது. திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், வெளியே வரச்சொல்லி நடையில் வைத்துப் பேசினார்.

"இந்தப் பேரு யாரும்மா?"

"என் தங்கச்சி, மேடம்."

"அட, அக்கா தங்கச்சியா! அதான பாத்தேன். ஒரே மாதிரி இருந்தா இந்த மெஷின் இப்படித்தான் குழப்பும். போன மாசம்கூட ரெட்டப் பசங்க ரெண்டு பேர அழ வெச்சிருச்சு. ஒண்ணும் கவலப்படாத. தங்கச்சிக்கு ஃபோன் போட்டு வரச்சொல்லு. கேமரா முன்னால அவங்களையும் ஒரு நிமிஷம் உக்கார வெச்சா, பழைய படம் அவங்களோடதுன்னு அது ஒத்துக்கும். ஒன்ன விட்டுரும்."

உதவி செய்கிறோம் என்று நினைத்துக் கழுத்தில் கயிற்றை மாட்டினார் அந்த அம்மாள். சின்னவள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பெரியவளுக்குத் தெரியும். அந்தப் பழைய படம் சின்னவளுடையது இல்லை என்று மெஷின் சொல்லும். சான்றிதழ் போகும், வேலை போகும், நேர்மைக்கு உயிரை விடுகிற மாப்பிள்ளைக்கு விஷயம் போகும்.

"அவ ஊர்ல இல்ல, மேடம்."

"எப்ப வருவாங்க? பரீட்சை சாயங்காலம் வரைக்கும் நடக்குது."

"வர மாட்டா, மேடம்."

சூப்பர்வைசர் அவளை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷம் பரீட்சை ஹாலில் நின்ற கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. சிவப்பு விழுந்துட்டா நான் மேல எழுதியாகணும். எழுதினா விசாரணை வரும், ரெண்டு பேரையும் கூப்பிடுவாங்க. இல்ல, எனக்கு ஒடம்பு சரியில்ல, நானே வெலகிக்கிறேன்னு நீ எழுதிக் குடுத்துட்டா, ஆளே எழுதலன்னு ஆயிடும். அதோட மூடிரும். ஆனா ஒண்ணு. ஒன் பேருல இனிமே எப்ப விண்ணப்பம் போட்டாலும் இந்தச் சிவப்பு வந்து நிக்கும். அத மாத்த என்னால முடியாது."

ஆஸ்பத்திரி வேலை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. உள்ளே போய் உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நினைத்தாள். நான்தான் எழுதினேன், அந்தத் தேர்ச்சி என்னுடையது, என் பெயருக்கு மாற்றுங்கள் என்று கத்தினால் என்ன? சின்னவள் மூலையில் உட்கார்ந்து அழுதது கண்முன் வந்தது. அவள் மீது கோபம் வந்தது, அம்மா மீது வந்தது, அரிசி களைந்த தண்ணீர் மீதுகூட வந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் கூட்டிக்கொண்டு போய்க் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மா வீங்கின காலை நீவிவிட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு, "போகட்டும். சின்னவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். பெரியவள் எழுந்து வெளியே போய் நின்றாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். கேட்டதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னாலதானேக்கா, நான் ஒரு சனியன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை உண்மை, குறை சொல்ல முடியாது. ஆனால் அழுது முடித்து மூக்கைச் சிந்தின பிறகும் அவள் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று இருக்கிறது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லு."

"ஆபீஸ்ல ஆர்டர் போட்டிருக்காங்கக்கா. டைப்பிஸ்ட் எல்லாரும் இந்த வருஷத்துக்குள்ள ஹையர் பாஸ் பண்ணணுமாம். பண்ணாதவங்கள எடுத்துருவாங்களாம்." பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அவசரமாகச் சொன்னாள்: "இல்லக்கா, நீ போக வேணாம். சத்தியமா அதுக்காக வரல. நானே படிக்கிறேன். இந்தத் தடவை நெசமா படிக்கிறேன். நீ சொல்லிக்குடு, போதும்."

தினமும் அலுவலகம் விட்டதும் நேராக மருந்துக்கடை மாடிக்கு வந்தாள். தன் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து மூலையில் உட்காரவைத்துவிட்டுப் படித்தாள். குற்ற உணர்ச்சி பெரிய வாத்தியார். முன்பு லோயருக்குப் படித்தபோது ஏறாதது இப்போது ஏறியது. தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்தாள். அந்தத் தலைப்புகளை வைத்துப் பொருளடக்கம் தானாக வரவழைத்தாள். கடிகாரத்தைக் கண்டால் இன்னமும் வியர்த்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு அடித்தாள். ஒருநாள் நீளமான அறிக்கை ஒன்றைப் பெரியவள் கொடுத்தாள். முதல் பாதி நெட்டுவாக்கில், அட்டவணை வருகிற பக்கம் மட்டும் அகலவாக்கில், மறுபடி நெட்டுவாக்கில், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பக்க எண். மாணவிகள் அழுகிற இடம் அது. சின்னவள் நேரத்துக்குள் முடித்துவிட்டாள். தட்டிய விசைகளைக் காட்டுகிற அந்தப் பொத்தானைப் பெரியவள் அமுக்கினாள். திரையில் ஒரு அநாவசியப் புள்ளி இல்லை. பக்கம் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது.

"அக்கா, வந்துருச்சு! எனக்கு வந்துருச்சுக்கா!" சின்னவள் நாற்காலியிலிருந்து குதித்தாள். பெண்ணைத் தூக்கிச் சுற்றினாள். பெரியவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னக்கா?"

"உக்காரு."

"தப்பா இருக்கா?"

"தப்பு இல்ல. எல்லாம் சரியா இருக்கு." பெரியவள் திரையை அணைத்தாள். "ஒன்னால எழுத முடியாதுடி. ஒன் பேருல அங்க இருக்கறது என் மூஞ்சி. நீ போய் உக்காந்தா சிவப்புத்தான் விழும்."

சின்னவள் பெண்ணை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பரீட்சை ஹாலிலிருந்து திரும்பிய அன்றே பெரியவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தன் இழவுக்கே அழுது முடிக்காதவளுக்கு அடுத்தவள் இழவு எங்கே தோன்றும்? இத்தனை நாள் தங்கை படித்த படிப்பு அத்தனையும் கிணற்றில் போட்ட கல்.

"நான் இப்ப நெசமாவே கத்துக்கிட்டேனேக்கா" என்றாள் சின்னவள். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பெரியவளுக்கு இந்தத் தடவை அவள் மீது கோபம் வரவில்லை. விரல்நுனியில் வித்தையை வைத்துக்கொண்டு பெயரில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. நாய் வேஷம் போட்டால் குலைத்துத்தான் ஆக வேண்டும். சின்னவள் பெயரில் ஹையருக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு ஹால் வந்தது. பெரியவள் தங்கையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கே வெள்ளெழுத்து வந்துவிட்டதால் பவர் முன்னைவிட மோசமாகத் தலையைச் சுற்றியது. தங்கையின் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று அந்த வாரம் செய்தித்தாளில் வந்திருந்தது. அவளிடம் படித்த பெண் ஒருத்திக்கு அந்த வேலை கிடைத்திருந்தது.

மேஜையில் உட்கார்ந்தாள். முகத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்தது. ஒரு துடிப்புக்கூட இல்லை, உடனே பச்சையானது. தங்கையின் பெயரைச் சொல்லி நல்வரவு என்றது திரை. கேள்வித்தாள் திறந்தது. அவள் விரல்களை விசைகள் மேல் வைத்தாள். அவை அவளைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தன.

இங்கே சூப்பர்வைசர் இளவட்டம், துறுதுறுவென்று இருந்தார். மேஜைகளுக்கு நடுவில் சுற்றி வந்தவர் அவள் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார். அட்டவணையை அகலவாக்கில் திருப்பி, பக்க எண்ணை மாற்றி, அடுத்த பகுதிக்கு அவள் தாவுகிற வேகத்தைப் பார்த்து அவருக்கு வாய் பிளந்துகொண்டது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"என்னா ஸ்பீடு மேடம்! எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க அக்காகிட்ட, சார்."

"அப்படியா? அவங்க எங்க வேலை பாக்குறாங்க?"

அவள் விரல்கள் நிற்கவில்லை.

"அவ இப்ப இல்ல, சார்."

"அடடா" என்றார் அவர். நாக்கைக் கடித்துக்கொண்டு, தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்து போனார். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.